பழம் விழுந்த பிறகு வந்த காக்கை

ஒரு நாட்டில் மக்கள் திரண்டெழுந்து, அதிகாரத்தைக் குடும்பச் சொத்தாக்கி வைத்திருந்த ஒருவரை விரட்டினால், மறுநாளே நம் ஊரில் அதற்கு விளக்கம் தயாராகிவிடுகிறது: "எல்லாம் அமெரிக்காக்காரன் வேலை." 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்ஷ கொழும்பைவிட்டு ஓடியபோது இதைக் கேட்டோம். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து வெளியேறியபோதும் கேட்டோம். இடதுசாரிகள் இதை ஏகாதிபத்திய எதிர்ப்பாகச் சொல்கிறார்கள். வலதுசாரிகள் தேசப் பாதுகாப்பு எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். எந்தப் பக்கமும் சாராதவர்கள், உலக நடப்பு தெரிந்தவர்களின் முதிர்ந்த கருத்தாக நினைத்துச் சொல்கிறார்கள்.

இதே கருத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மேற்குலகின் அழுத்தமும் நிதியும் தடைகளும்தான் சர்வாதிகாரங்களை வீழ்த்துகின்றன, ஜனநாயகம் வாஷிங்டனும் பிரசல்ஸும் உலகுக்கு அளிக்கும் கொடை என்று பெருமிதத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் தரப்பு சதி என்பதை இரண்டாம் தரப்பு உதவி என்கிறது. பெயர்தான் வேறு. இருவர் கதையிலும் செயல்படுபவர் வெளியே இருக்கிறார். தெருவில் நின்றவர்கள் அவர் ஏவியதைச் செய்த கூட்டம், அவ்வளவுதான்.

இந்தக் கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன். வெளிநாடுகளுக்குச் செல்வாக்கே இல்லை என்று சொல்லவில்லை, நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் செல்வாக்கு எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதை நாம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். ஒரு வல்லரசால் ஒரு சர்வாதிகாரத்தைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடிக்க முடியும். பிடித்த கையை எடுத்துக்கொள்ளவும் முடியும். ஒரு சமூகத்துக்கு ஜனநாயகத்தைச் செய்து கொடுக்க மட்டும் முடியாது. கையை எடுப்பதும்கூட, பெரும்பாலும், உள்நாட்டு மக்கள் அந்த ஆட்சியைச் செல்லாக்காசாக்கிய பிறகே நடக்கிறது. அந்தக் கடைசி நிமிடக் கைவிடலைத்தான் உலகம் 'ஆட்சி மாற்றம்' என்று வல்லரசின் கணக்கில் வரவு வைக்கிறது.

வாதத்தை எனக்கு வசதியான இடத்தில் தொடங்க விரும்பவில்லை. எதிர்த்தரப்பு எப்போதும் முன்வைக்கும் வலுவான சாட்சியத்தையே எடுத்துக்கொள்கிறேன்: பிலிப்பைன்ஸ், 1986.

மணிலாவின் நாட்காட்டி

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. ஃபெர்டினாண்ட் மார்கோஸ் அமெரிக்காவின் ஆள். வேண்டாதவராக ஆனதும் அமெரிக்கா அவரைத் தூக்கி எறிந்தது. அவர் திடீர்த் தேர்தலை அறிவித்ததே 1985 நவம்பரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான். 'போய்விடுங்கள்' என்று அவருக்குச் சொன்னவர் பால் லக்சால்ட் என்ற அமெரிக்க செனட்டர். ஏற்றிச் சென்றவை அமெரிக்க ஹெலிகாப்டர்கள். இறங்கிய இடம் ஹவாய். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

இந்தத் தகவல்கள் எல்லாமே உண்மை. பொய்யாக இருப்பது அவற்றின் வரிசை. நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மார்கோஸ் 1965-இல் தேர்தலில் வென்று வந்தவர். 1972 செப்டம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்து நாடாளுமன்றத்தை மூடினார், பத்திரிகைகளை மூடினார், எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் அடைத்தார். அப்போது அமெரிக்கா என்ன செய்தது? க்ளார்க் விமானப்படைத் தளமும் சூபிக் விரிகுடாக் கடற்படைத் தளமும் அதற்கு வேண்டியிருந்தன. உறவு தொடர்ந்தது. 1981 ஜூனில், எதிர்க்கட்சிகள் புறக்கணித்த ஒரு தேர்தலுக்குப் பிறகு மார்கோஸ் மீண்டும் பதவியேற்றபோது, அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மணிலாவுக்கு நேரில் வந்து, மார்கோஸ் ஜனநாயக நெறிகளைக் கடைப்பிடிப்பதைத் தாங்கள் நேசிப்பதாக விருந்து மேடையில் பாராட்டினார். 1983-இல் தளங்களுக்கான புதிய ஒப்பந்தம் போடப்பட்டது: ஐந்தாண்டுகளுக்கு 90 கோடி டாலர் உதவி.

அதே 1983 ஆகஸ்ட் 21 அன்று, அமெரிக்காவில் மூன்றாண்டுகள் இருந்துவிட்டுத் தாயகம் திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ, மணிலா விமான நிலையத்தில் விமானத்திலிருந்து இறங்கிய சில நொடிகளில், இராணுவக் காவலின் நடுவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். திருப்பம் இங்கே தொடங்குகிறது. திருப்பியவர்கள் யார் என்று கவனியுங்கள். அவருடைய இறுதி ஊர்வலம் 11 மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. வழியெங்கும் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். அடுத்த மாதமே மக்காத்தி வணிகப் பகுதியில், அதுவரை அரசியல் பேசாத அலுவலக ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். தொலைபேசி டைரக்டரியின் மஞ்சள் பக்கங்களைக் கிழித்துப் பொடிப்பொடியாக்கி உயரமான கட்டடங்களின் ஜன்னல்களிலிருந்து தூவினார்கள். மஞ்சள் அக்கினோவின் நிறமாகியிருந்தது. அந்தக் காகிதத்துக்குக் காசு கொடுக்க எந்த உளவுத்துறையும் தேவைப்படவில்லை. ஒவ்வோர் அலுவலக மேசையிலும் அந்தப் புத்தகம் இருந்தது.

அக்டோபரில் பிலிப்பைன்ஸ் தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நிறுத்தியது. சுமார் 2,600 கோடி டாலர் கடன் அது. 1984-லும் 1985-லும் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. சர்க்கரையும் தேங்காயும் மார்கோஸின் நண்பர்களுடைய ஏகபோகத்தில் இருந்ததால் நொந்துபோன விவசாயி, வேலை இழந்த தொழிலாளி, கடன் கிடைக்காத தொழிலதிபர், போதனை மேடையில் பேசத் தொடங்கிய பாதிரியார் என எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். மார்கோஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தேர்தலை அறிவித்தது இந்த நெருக்கடிக்குப் பிறகு. காலடியில் மண் சரிவது தெரிந்த ஒருவர், தன்னை இதுவரை தாங்கியவரிடம் 'பாருங்கள், எனக்கு இன்னும் மக்கள் ஆதரவு இருக்கிறது' என்று காட்ட முயன்ற முயற்சி அது.

பிப்ரவரி 7 முதல் 25 வரை

1986 பிப்ரவரி 7 அன்று தேர்தல் நடந்தது. அக்கினோவின் மனைவி கொரசோன் அக்கினோ எதிர்வேட்பாளர். நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பின் தொண்டர்கள் நாடெங்கும் வாக்குச்சாவடிகளில் நின்றார்கள். கன்னியாஸ்திரீகள் வாக்குப்பெட்டிகளைச் சூழ்ந்து அமர்ந்து காவல் காத்தார்கள். 9-ஆம் தேதி இரவு, அரசுத் தேர்தல் ஆணையத்தின் கணினி மையத்தில் வேலை செய்துகொண்டிருந்த முப்பது சொச்சம் பேர், தாங்கள் பதிவுசெய்த எண்களும் அறிவிப்புப் பலகையில் ஓடிய எண்களும் ஒத்துப்போகவில்லை என்று எழுந்து வெளியேறினார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். அரசாங்கச் சம்பளத்தில் இருந்தவர்கள். உயிருக்கு அஞ்சி அவர்கள் அடைக்கலம் புகுந்தது அமெரிக்கத் தூதரகத்தில் இல்லை, பக்லாரன் தேவாலயத்தில். மார்கோஸின் வெற்றி ஒரு மோசடி என்பதை உலகறியச் செய்த செயல்களில் இதைவிடப் பெரியது இல்லை.

11-ஆம் தேதி அன்டீக் மாகாணத்தில், கொரசோனின் ஆதரவாளரான முன்னாள் ஆளுநர் எவேலியோ ஹவியேர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தேதியில் வாஷிங்டனில் அதிபர் ரொனால்ட் ரீகன் செய்தியாளர்களைச் சந்தித்தார். மோசடி பற்றிக் கேட்டபோது, அது இரு தரப்பிலும் நடந்திருக்கக்கூடும் என்றார். மார்கோஸை வீழ்த்தச் சதிசெய்துகொண்டிருந்ததாகச் சொல்லப்படும் மனிதர் உலகத்தின் முன் சொன்ன சொல் இது. செனட்டர் ரிச்சர்ட் லூகர் தலைமையில் போன அமெரிக்கப் பார்வையாளர்களே தாங்கள் கண்டதைச் சொல்லி எதிர்த்த பிறகு, நான்கு நாள் கழித்து, மோசடியில் பெரும்பகுதி ஆளுங்கட்சியுடையது என்று வெள்ளை மாளிகை திருத்திக்கொண்டது. அப்போதும் மார்கோஸ் விலக வேண்டும் என்று சொல்லவில்லை. இன்னொரு வல்லரசும் மணிலாவில் இருந்தது. மார்கோஸின் 'வெற்றி'க்கு வாழ்த்துச் சொன்னவர் சோவியத் தூதர். பனிப்போரின் இரு முனைகளும் அந்த நாள்களில் மக்களுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நின்றன.

பிலிப்பைன்ஸ் ஆயர்கள், மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அற அடிப்படை இல்லை என்று அறிக்கை விட்டார்கள். 16-ஆம் தேதி மணிலாவின் லுனேட்டா மைதானத்தில் கூடிய பெருந்திரளிடம், மார்கோஸின் கூட்டாளிகள் நடத்தும் வங்கிகளையும் சான் மிகேல் நிறுவனத்தின் பொருள்களையும் புறக்கணியுங்கள் என்று கொரசோன் கேட்டுக்கொண்டார். மறுநாளே அந்த வங்கிகளிலிருந்து மக்கள் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள்.

22-ஆம் தேதி மாலை, பாதுகாப்பு அமைச்சர் ஹுவான் போன்ஸே என்ரிலேயும் இராணுவத் துணைத் தளபதி ஃபிடல் ராமோஸும் மார்கோஸிடமிருந்து பிரிந்து முகாமுக்குள் ஒதுங்கினார்கள். அவர்கள் நாயகர்கள் அல்லர். என்ரிலே இராணுவச் சட்ட ஆட்சியின் தூண்களில் ஒருவர். அவர்களுடைய புரட்சித் திட்டம் கசிந்து கைதாகும் நிலையில் இருந்தார்கள். கூட இருந்த வீரர்கள் சில நூறு பேர். அன்றிரவு கார்டினல் ஹைமே சின், ரேடியோ வெரிடாஸ் வானொலியில், இவர்களைக் காப்பாற்றப் போங்கள் என்று மக்களை அழைத்தார். மக்கள் முகாமை ஒட்டிய எட்சா நெடுஞ்சாலைக்குப் போனார்கள். மறுநாள் அதிகாலை அரசாங்கத்தின் ஆட்கள் அந்த வானொலியின் ஒலிபரப்புக் கருவிகளை உடைத்தார்கள். அறிவிப்பாளர்கள் வேறோர் இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள்.

23-ஆம் தேதி பிற்பகல் ஓர்ட்டிகாஸ் சாலைச் சந்திப்பில் மரைன் படையின் கவச வாகனங்கள் வந்து நின்றன. முன்னால் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலையோடு முழங்காலிட்ட கன்னியாஸ்திரீகள், ரொட்டியும் தண்ணீரும் நீட்டிய குடும்பத்தலைவிகள், படைவீரனைத் 'தம்பி' என்று அழைத்துப் பேசிய கிழவர்கள். எஞ்சின் உறுமியது, வாகனம் ஓரடி முன்னே வந்தது, யாரும் எழவில்லை, எஞ்சின் அணைந்தது. படை திரும்பிப் போனது. மார்கோஸின் ஆட்சி உண்மையில் முடிந்த இடம் அந்தச் சந்திப்பு. ஆணை பிறப்பிக்கப்பட்டும் நிறைவேறாத இடத்தில் சர்வாதிகாரம் முடிந்துபோகிறது.

24-ஆம் தேதி விடியலில் விமானப்படையின் ஹெலிகாப்டர் பிரிவு ஒன்று, தாக்க அனுப்பப்பட்ட முகாமிலேயே இறங்கி மக்களோடு சேர்ந்துகொண்டது. காலையில் அரசுத் தொலைக்காட்சி நிலையம் எதிர்ப்பாளர்கள் கைக்குப் போனது. மார்கோஸ் நேரலையில் பேசிக்கொண்டிருந்தபோதே ஒளிபரப்பு அறுந்தது. அதன் பிறகுதான், அந்த நாளில்தான், வன்முறையால் இந்த ஆட்சியை நீட்டிக்க முயல்வது பயனற்றது என்று வெள்ளை மாளிகை வெளிப்படையாக அறிவித்தது. புகழ்பெற்ற அந்த லக்சால்ட் தொலைபேசி உரையாடல் 25-ஆம் தேதி, மணிலா நேரப்படி அதிகாலை மூன்று மணி அளவில் தொடங்கியது. முதலில் அழைத்தவர் மார்கோஸ். விலகிவிட வேண்டுமா என்று கேட்டவரும் அவர்தான். கேட்ட கேள்விக்கு, நேரம் வந்துவிட்டது என்று அமெரிக்கர் பதில் சொன்னார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள் நம் ஊரில். மணிலாவில் நடந்தது அதுகூட இல்லை. பழம் விழுந்து, உருண்டு, மக்கள் கையில் சேர்ந்த பிறகு வந்து உட்கார்ந்த காக்கைக்குத்தான் நாற்பது ஆண்டுகளாக நாம் பாராட்டும் பழியும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

நாம்ஃப்ரெலுக்கும் ரேடியோ வெரிடாஸுக்கும் அமெரிக்க அமைப்புகளிடமிருந்து பணம் வந்ததே என்று கேட்பார்கள். வந்தது. ஆனால் அதே அமெரிக்கா மார்கோஸுக்கு ஒப்புக்கொண்டிருந்தது 90 கோடி டாலர். பணம்தான் வரலாற்றைத் தீர்மானிக்கும் என்றால் மார்கோஸ் மாளிகையிலேயே வயதாகி இறந்திருக்க வேண்டும். அவர் இறந்தது 1989-இல் ஹொனலூலுவில். கட்சி மாறிய ஹெலிகாப்டர்களுக்கு க்ளார்க் தளத்தில் எரிபொருள் கிடைத்ததே என்பார்கள். அவை கட்சி மாறிய பிறகு கிடைத்தது. கட்சி மாறச் செய்தது கீழே தெருவில் தெரிந்த கூட்டம்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சதிக் கதையை முதலில் சொல்பவர்கள் யார்? அமெரிக்கா தங்களைக் கடத்திக்கொண்டு போய்விட்டது, தாங்கள் சொந்த மாகாணத்துக்குப் போகத்தான் கேட்டோம் என்று சொன்னது மார்கோஸ் குடும்பம். தன்னை வெளியேற்றியது சர்வதேசச் சதி என்று 2024-இல் ஒரு புத்தகமே எழுதினார் கோத்தபாய. வீழ்ந்தவருக்கு இந்தக் கதை தேவைப்படுகிறது. ஒரு வல்லரசிடம் தோற்றேன் என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. சமையல் எரிவாயு வரிசையில் நாள்கணக்கில் நின்ற மக்களிடம் தோற்றேன் என்பதில் அவருக்கு எதுவும் மிஞ்சாது. அவருக்கு அது தேவை, சரி. நமக்கு எதற்கு?

அதே அமெரிக்கா, வேறு முடிவு

ஒரே காரணம் இருந்தும் இரண்டு விளைவுகள் ஏற்பட்டால், அந்தக் காரணம் மட்டும் போதாது என்பது எளிய தர்க்கம். தென்கொரியா இந்தச் சோதனையை நமக்காகவே நடத்திக் காட்டியது போலிருக்கிறது.

1979 அக்டோபரில் சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பரில் தளபதி சுன் டூ-ஹ்வான் இராணுவத்தைக் கைப்பற்றினார். 1980 மே 18 அன்று குவாங்ஜு நகரில் மாணவர்கள் எதிர்த்தபோது, பாராசூட் படையினர் தடிகளோடும் துப்பாக்கிக் கத்திகளோடும் பாய்ந்தார்கள். நகரமே எழுந்து படையைத் துரத்தியது. சில நாள்கள் குவாங்ஜு தன்னைத் தானே ஆண்டது. அந்த நாள்களில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் கோரல் ஸீ கொரியக் கடலுக்கு வருகிறது என்ற செய்தி நகரத்துக்குள் பரவியது. தங்களைக் காப்பாற்றத்தான் வருகிறது என்று மக்கள் நம்பினார்கள். கப்பல் வந்தது வடகொரியா இந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக. குவாங்ஜுவுக்குப் போகவிருந்த கொரியப் படைப்பிரிவு ஒன்றின் நகர்வுக்கு அமெரிக்கத் தரப்பு ஒப்புதலும் கொடுத்திருந்தது. மே 27 விடியலில் படை உள்ளே நுழைந்தது. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்து, 1981 பிப்ரவரியில், சுன் வெள்ளை மாளிகையில் ரீகனின் விருந்தாளி.

1987-க்கு வருவோம். அதே சுன், அதே கூட்டணி, கொரிய மண்ணில் அதே அமெரிக்கப் படை. ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தார். விசாரணை அதிகாரி மேசையைத் தட்டினார், மாணவர் செத்து விழுந்தார் என்று காவல்துறை விளக்கம் சொன்னது. அந்தப் பொய்யை உடைத்தவர்கள் கொரிய மருத்துவர்கள், கொரியப் பத்திரிகையாளர்கள், கொரியப் பாதிரியார்கள். ஜூன் 9 அன்று லீ ஹான்-யோல் என்ற மாணவரின் தலையில் கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கியது, ஜூலையில் இறந்தார். ஜூன் 10 தொடங்கித் தெருக்கள் நிரம்பின. சியோலின் மியோங்டாங் பேராலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த மாணவர்களைப் பிடிக்க வந்தவர்களிடம் கார்டினல் கிம், முதலில் என்னைத் தாண்டிப் போங்கள், பிறகு பாதிரியார்கள், அவர்களுக்குப் பின் கன்னியாஸ்திரீகள், அதற்குப் பிறகுதான் மாணவர்கள் என்று சொன்னார். கழுத்தில் டை கட்டிய அலுவலக ஊழியர்கள் மதிய உணவு நேரத்தில் இறங்கி வந்து கோஷம் போட்டார்கள். 26-ஆம் தேதி முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். 29-ஆம் தேதி, ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் ரோ டே-வூ மக்கள் கோரிய நேரடி அதிபர் தேர்தலை ஏற்றுக்கொண்டார்.

எதிர்த்தரப்பிடம் இங்கே ஓர் ஆவணம் இருக்கிறது. ஜூன் 19 அன்று அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் லில்லி ரீகனின் கடிதத்தை சுன்னிடம் கொடுத்து, இராணுவச் சட்டம் வேண்டாம் என்று எச்சரித்தார். அதன் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று படை இறங்கியிருந்தால் இன்னொரு குவாங்ஜு நிகழ்ந்திருக்கலாம். ஆனால் 1980 மே மாதத்தில் அந்தக் கடிதம் ஏன் எழுதப்படவில்லை? அப்போது எதிர்த்தது ஒரு நகரம். அதை நசுக்கிவிட்டு ஆட்சியைத் தொடர முடியும் என்பது வாஷிங்டனின் கணக்கு. 1987-இல் எதிர்த்தது நாடு. மறு ஆண்டு ஒலிம்பிக் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நசுக்கவே முடியாது என்று ஆன பிறகு, நசுக்காதே என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை எழுதவைத்தவர்கள் கொரியர்கள்.

கோர்பச்சேவ், பிரசல்ஸ், டோக்கியோ

சரி, கிழக்கு ஐரோப்பா? சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இல்லாமல் 1989-இல் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சிகள் வீழ்ந்திருக்குமா? இது கனமான கேள்வி. 1956-இல் புடாபெஸ்டிலும் 1968-இல் பிராகிலும் மக்களின் முயற்சியை நசுக்கியவை வெளியிலிருந்து வந்த டாங்கிகள். கோர்பச்சேவ் அந்த டாங்கிகளை அனுப்ப மறுத்தார். அது மகத்தான முடிவு. ஆனால் அது தாங்கிப் பிடித்த கையை எடுத்த முடிவு. எடுத்த இடத்தில் என்ன எழும் என்பதைத் தீர்மானித்தவர்கள் வேறு. போலந்தில் 1981-லேயே சுமார் ஒரு கோடி உறுப்பினர்களோடு இருந்தது சாலிடாரிட்டி தொழிற்சங்கம். அந்த ஆண்டு டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்த பிறகு ஏழாண்டுகளுக்கு மேல் தலைமறைவாக அச்சடித்து, கூடி, உயிரோடிருந்தது. அதனால்தான் 1989 ஜூன் தேர்தலில் செனட்டின் 100 இடங்களில் 99-ஐ வெல்ல அதனால் முடிந்தது. அதே மாஸ்கோ மத்திய ஆசியக் குடியரசுகளிலிருந்தும் கையை எடுத்தது. அங்கே பல நாடுகளில் பழைய கட்சிச் செயலாளர்களே புதிய அதிபர்களாகப் பல்லாண்டு நீடித்தார்கள். கை எடுக்கப்பட்டது ஒன்றுபோல. எழுந்தது அந்தந்த மண்ணில் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் உறுப்புரிமை என்ற பரிசைக் காட்டி நாடுகளைத் திருத்தியது என்பார்கள். அறிஞர்கள் லெவிட்ஸ்கியும் வேயும் மேற்குலகோடு நெருங்கிய பிணைப்புள்ள நாடுகளில் ஜனநாயகம் எளிதில் வேர்பிடித்ததை விரிவாகவே காட்டியிருக்கிறார்கள். பிணைப்பு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றியத்துக்கு உள்ளேயே, அதன் நிதியைப் பெற்றுக்கொண்டே, 2010-க்குப் பிறகு ஹங்கேரியில் விக்டர் ஓர்பான் ஊடகங்களையும் நீதித்துறையையும் தன் பக்கம் வளைத்தார். ஆண்டுக்கணக்கில் பிரசல்ஸால் அதைத் தடுக்க முடியவில்லை.

ஜெர்மனியும் ஜப்பானும் ஆக்கிரமிப்பின் கீழ் ஜனநாயகமான நாடுகள் என்று கடைசியாகச் சொல்வார்கள். அங்கே ஏற்கெனவே கட்சிகளும் நாடாளுமன்றங்களும் இருந்தன. கொன்ராட் அடினாவர் ஹிட்லருக்கு முன்பே கொலோன் நகரத்தின் மேயர். ஜப்பான் 1925-லேயே 25 வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. அந்த முன்வரலாற்றைக் கழித்துவிட்டு, படை மட்டும் போதும் என்று நம்பியதன் விலையை ஈராக் கொடுத்தது. ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுகள் கட்டியெழுப்பிய அரசு 2021 ஆகஸ்ட் 15 அன்று ஒரே நாளில் காபூலைக் கைவிட்டது.

இந்த நம்பிக்கை செய்யும் கேடு

வரலாற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இந்தத் தவறான கருத்து உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பாதிக்கிறது.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. யாங்கூன் தெருக்களில் இளைஞர்கள் ஐ.நா. தலையிட வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகளோடு நின்றார்கள். செயல்பட இன்னும் எத்தனை பிணங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை. ஜூன் மாதம் ஐ.நா. பொதுச்சபை ஆயுதங்கள் போவதைத் தடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டது; கட்டாயப்படுத்தாத தீர்மானம். அதற்கும்கூட அண்டை நாடான இந்தியா ஆதரவாக வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வெளியிலிருந்து மீட்பர் வருவார் என்ற நம்பிக்கையை அந்த இளைஞர்களிடம் விதைத்தது, எல்லா ஆட்சி மாற்றமும் வெளியிலிருந்து வருகிறது என்று உலகம் ஓயாமல் சொல்லும் இந்தக் கதைதான். குவாங்ஜு மக்கள் கப்பலுக்குக் காத்திருந்ததும் இதனால்தான்.

இதே கதை சர்வாதிகாரியின் கையில் குற்றப்பத்திரிகை ஆகிறது. எதிர்ப்பவர் எல்லாரும் அந்நியக் கைக்கூலி. சுன் அரசு எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங்குக்கு மரணதண்டனை விதித்தபோது அவரைத் தேசத் துரோகியாகத்தான் சித்திரித்தது. பின்னாளில் அவர் அந்த நாட்டின் அதிபரானார், அமைதி நோபல் பரிசும் பெற்றார். இன்றும் பல நாடுகளில் ஒரு மாணவி கைதாகும்போது 'உனக்குப் பணம் எங்கிருந்து வந்தது' என்றே முதல் கேள்வி கேட்கப்படுகிறது. ஆட்சி மாற்றம் எல்லாம் அமெரிக்க வேலை என்று இங்கே உட்கார்ந்து சொல்பவர், நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரிக்குச் சொல் எடுத்துக்கொடுக்கிறார். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு, உலகில் எதுவும் அதன் விருப்பமின்றி அசையாது என்று அதற்கே தெய்வ வல்லமை கொடுத்துவிடுகிறார்.

மக்கள் திரண்டால் எப்போதும் வெல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. 1988-இல் பர்மாவிலும் 1989-இல் பெய்ஜிங்கிலும் திரண்டார்கள், வீழ்த்தப்பட்டார்கள். சுடச் சொன்னபோது அங்கே இராணுவம் சுட்டது. வென்ற இடங்களில் வென்றது யார் என்பதே என் வழக்கு. வென்ற பிறகு எல்லாம் நலமாக முடிகிறது என்றும் சொல்லவில்லை. மார்கோஸின் மகன் 2022-இல் வாக்கெடுப்பிலேயே அதிபரானார். ஜனநாயகத்தைப் பெற்றதும் மக்கள்தான், அதைக் காக்கும் பொறுப்பும் தவறவிட்டால் பழியும் அவர்களுடையவைதான்.

அப்படியானால் வெளிநாடுகளிடம் கேட்க ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது. தாங்கிப் பிடிக்காதே என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் கறுப்பர் குடியிருப்புகள் கொதித்தெழுந்த 1985-இல், ஓர் அமெரிக்க வங்கி அந்த நாட்டின் கடனைப் புதுப்பிக்க மறுத்தது. மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ரீகனின் மறுப்பாணையையும் மீறித் தடைச் சட்டம் இயற்றியது. தென்னாப்பிரிக்கப் போராளிகள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: எங்களைக் கொல்பவனுக்குக் கடன் கொடுக்காதே. சுவிட்சர்லாந்து 1986 மார்ச்சில் மார்கோஸின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. பல்லாண்டு வழக்குக்குப் பின் திரும்பிவந்த அந்தப் பணத்திலிருந்து, இராணுவச் சட்டக் கொடுமைக்கு ஆளான 11,103 பேர் பிலிப்பைன்ஸில் சட்டப்படி இழப்பீட்டுக்கு உரியவர்களாக அங்கீகரிக்கப்பட்டார்கள். 2014 ஜனவரியில் தென்கொரியா பஹ்ரைனுக்குக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை ஏற்றுமதி செய்ய அனுமதி மறுத்தது. லீ ஹான்-யோலைப் பறிகொடுத்த நாடு அது.

கடன், ஆயுதம், கண்ணீர்ப்புகை, ரகசிய வங்கிக் கணக்கு, ஐ.நா.வில் ஒரு வாக்கு. வெளியுலகம் உண்மையில் கையில் வைத்திருப்பவை இவையே. நம் நாடும் அந்த வெளியுலகத்தில் ஒரு பகுதி. மியான்மர் மக்களைப் பற்றிப் பேசும்போது அமெரிக்கா என்ன செய்யும் என்று கேட்பதை விட்டுவிட்டு, டெல்லி அந்த இராணுவத்துக்கு எதை விற்கிறது, எந்த வாக்கெடுப்பில் ஏன் ஒதுங்குகிறது என்று கேட்போம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசாங்கம் நம் வாக்கில் வந்தது. விடுதலையை மியான்மர் மக்கள் தாங்களே பெற்றுக்கொள்வார்கள். அதற்குக் குறுக்கே நம் பெயரில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.